இருமல் வாங்கும் மாடு

எங்கள் பகுதியில் இருமாத ஆளே இல்லை என்று ஆன காலம் அது. இருமல் வந்தவன் இருமினான், சரி, அது இயற்கை. வராதவனும் தொண்டையைச் செருமிச் செருமி வரவழைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான். ஏனென்றால் மூடிக் கிடந்த மர அறுவை மில்லுக்குள் ஒரு மாடு வந்திருந்தது. அது மனிதர்களின் இருமலைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது என்றார்கள். யார் சொன்னார்கள்? எல்லோரும் சொன்னார்கள். யார் பார்த்தார்கள்? எல்லோரும் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

மில்லுக்கு நேர் எதிரே மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, இதுதான் என் உலகம். ஆகவே அந்தக் கூத்தை முதல் நாளிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். வரிசை என் கடை வாசலை அடைத்துக்கொண்டு தெருமுனை வரை போகும். ஒருவர் என் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு எனக்கே பக்தி போதித்தார். வங்கியில் கணக்குப் பார்ப்பவராம். கணக்கில் சல்லிக்காசு உதைத்தாலும் தூக்கம் வராதாம். மாடு இருமலை வாங்குவதில் மட்டும் அவருக்கு எதுவுமே உதைக்கவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். முன்பு ரம்பம் இருந்த மேடையில் மாடு நிற்கும். கன்னங்கரேல் என்று, எண்ணெய் பூசினாற்போல மின்னும். முதுகிலிருந்து வால் வரை பட்டுத் துணி. இடது காதில் பெரிய வளையம். பெயர் சுமைதாங்கி. பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர், நாங்கள் அவரை இருமல் ஐயா என்போம். மாட்டின் கழுத்தோரம் ஒரு சீடன், அவன் வேலை கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பது, அதனால் அவன் தடவல். நோயாளி மாட்டின் முன்னால் முக்காலியில் உட்கார வேண்டும். உச்சி முதல் பாதம் வரை கம்பளியால் மூடிவிடுவார்கள். மூடாவிட்டால் இருமல் வழி தவறி வேறு யார் மேலாவது போய்விடுமாம். ஐயா கண்ணை மூடுவார். தடவல் தடவுவான். மாடு இருமும். உடனே ஐயா, “வாங்கிட்டா” என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கம்பளிக்குள் இருக்கிறவரைப் பற்றி ஐயா நாலு வார்த்தை சொல்வார். மனசுல பாரம், சொந்தக்காரங்க ஏமாத்திட்டாங்க, நல்லது செஞ்சும் நல்ல பேர் இல்லை. இதெல்லாம் எந்த மனிதனுக்குப் பொருந்தாது? எனக்கும் பொருந்தும், என் கடை எலிக்கும் பொருந்தும். கம்பளிக்குள்ளிருந்து விசும்பல் கேட்கும். அந்தக் கம்பளியைத் துவைத்து யாரும் பார்த்ததில்லை. முந்தினவர் விட்டுப்போன மூச்சு, அதற்கு முந்தினவர் விட்டுப்போன மூச்சு, எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கும்.

நிஜமாகவே இருமல் நின்றவர்கள் இருந்தார்களே என்று கேட்பீர்கள். இருந்தார்கள், மறுக்கவில்லை. அது மரம் அறுத்த மில். சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பல வருடத்துத் தூசு. உள்ளே போகிறவன் எவனும் இருமாமல் இருக்க முடியாது. வெளியே வந்து நல்ல காற்றை ரெண்டு தடவை இழுத்தால் இருமல் தானாக நின்றுவிடும். மில்லில் வந்த இருமல் மில்லுக்கு வெளியே போயிற்று. அந்தப் பெருமையைக் கொண்டுபோய் மாட்டின் கணக்கில் வரவு வைத்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே, கடைசியில் ஒரு கிண்ணம் பால். சுமைதாங்கியின் பால். கறந்த சூட்டோடு குடிக்க வேண்டும், காய்ச்சக் கூடாது, காய்ச்சினால் அருள் ஆவியாகப் போய்விடும். இந்தப் பால் குடிக்கிற நாளில் டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொடவும் கூடாது. ஒரு வயிற்றுக்குள் ரெண்டு வைத்தியம் சண்டை போடுமாம்.

நான் தீவனக்காரன், எனக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது. தடவல் என்னிடம் வாங்குவது ஒரு மாட்டுக்கான தீவனம், அதுவும் நோஞ்சான் மாடு தின்கிற அளவு. பாலோ அந்த வரிசைக்கே ஓடுகிறது. ஒரு நாள் மில்லின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கடையில் விற்கிற பாக்கெட் பாலின் காலி உறைகள் குவியலாகக் கிடந்தன. பொதுவரிசைக்குப் பாக்கெட் பால். தட்டில் கனமாகப் போடுகிற சிறப்பு வரிசைக்குத்தான் மாட்டின் சொந்தப் பால். அந்தத் திருட்டு இருக்கிறதே, அதுதான் ஐயா அறியாமல் செய்த ஒரே தருமம். காசில்லாதவன் தப்பித்தான். காசைக் கொட்டியவனுக்கு அசல் சரக்குக் கிடைத்தது.

அசல் சரக்கு என்ன என்று சொல்கிறேன். இதைப் பின்னால்தான் நான் தெரிந்துகொண்டேன், ஆனால் உங்களைக் காக்க வைப்பானேன்? அந்த மாடு எங்கள் பால்காரர் அண்ணனின் மாடு.

என் கடைக்கு அடுத்த சந்துதான் அவர் கொட்டகை. அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுவேன், பழகின பழக்கம். ஏழெட்டு மாடு. அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று, பக்கத்து மாட்டின் தொட்டியில் தலையை விட்டுத் தின்றுவிடும். அதனால் அதைத் ‘திருடி’ என்று கூப்பிடுவார். அவர் அப்படிக் கூப்பிடும்போது குரலில் அத்தனை செல்லம் இருக்கும். அந்தத் திருடி போன வருஷக் கடைசியில் இருமத் தொடங்கியது. மெலிந்தது. எலும்பு தெரிந்தது.

கால்நடை டாக்டர் வந்தார். பெண் டாக்டர். மாட்டுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ஊசியம்மா, அன்பினால் வைத்த பெயர் அல்ல. கழுத்துத் தோலில் சின்னதாக ஓர் ஊசி போடுவார். ரெண்டு மூன்று நாள் கழித்து வந்து அந்த இடம் வீங்கியிருக்கிறதா என்று விரலால் பிடித்துப் பார்ப்பார். வீங்கியிருந்தால் மாட்டுக்குக் காசநோய். திருடிக்கு வீங்கியிருந்தது. அடையாளத்துக்கு இடது காதில் பெரிதாக ஒரு துளை போட்டார். மந்தையிலிருந்து தனியே கட்டுங்கள், பாலை யாரும் தொடக் கூடாது, வண்டி வந்து கொண்டுபோகும் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற மாடுகளுக்கு வீக்கம் இல்லை, ஆனாலும் கொஞ்ச நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்.

வண்டி வருவதற்குள் ஒரு தரகன் வந்துவிட்டான். நம் தடவல்தான் அவன். அண்ணன் மாட்டை அவன் கையில் கொடுத்துவிட்டார். ஊசியம்மாவிடம் மாடு செத்துவிட்டது, புதைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டிலே அண்ணியிடம் காசநோய் என்ற பேச்சையே எடுக்காமல், இன்னும் ஒரு படி மேலே போய், ஊசி போட்டதால்தான் செத்தது என்று சொல்லிவைத்தார். ஒரு பொய்யில் ரெண்டு பேரைச் சமாளித்துவிட்டோம் என்று அவருக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

பால்காரர் வீடுகளில் ஒரு பெருமை உண்டு. விற்கிற பால் மற்றவர்கள் காய்ச்சுவதற்கு, வீட்டுப் பிள்ளை குடிப்பது கறந்த சூட்டோடு. காய்ச்சின பால் குடிப்பது, மாடு இல்லாதவன் தலையெழுத்து என்று சிரிப்பார்கள். அண்ணனுக்கு ஒரே பெண். எட்டு வயது. வாயாடி என்றுதான் தெருவே கூப்பிடும். என் கடைக்கு வந்தால் பிண்ணாக்கு ஏன் இந்த நிறம், எலி ஏன் தவிட்டைத் தின்கிறது, உனக்கு ஏன் முடி கொட்டிவிட்டது என்று கேள்வியால் என்னைத் துளைத்து எடுத்துவிடுவாள். கறக்கிற வேளையில் டம்ளரோடு திருடி பக்கத்தில் போய் நிற்பாள். நுரையோடு வாங்கிக் குடித்துவிட்டு வெள்ளை மீசையோடு ஓடிவருவாள்.

அவளுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. முதலில் சுண்டைக்காய் அளவு, பிறகு எலுமிச்சை அளவு. சாயங்காலமானால் காய்ச்சல். பேச்சு குறைந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டியில் ஊசி விட்டு எடுத்துப் பார்த்து, காசநோய் என்றார்கள். நெஞ்சில் இல்லை, கழுத்து நெறியில். காய்ச்சாத பால் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணி பெருமையாக, எங்க வீட்டுல வேற என்ன கொடுப்போம் என்றாராம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், ஒரு வேளையும் விடக் கூடாது, பாலை இனிமேல் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாத்திரை ஆரம்பித்ததும் பெண்ணுக்குச் சிறுநீர் செம்மஞ்சள் நிறத்தில் போனது. அந்த மருந்து அப்படித்தான் செய்யும், பயப்பட ஒன்றும் இல்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அண்ணி அதை மறந்துவிட்டார். பிள்ளைக்கு ரத்தமாகப் போகிறது என்று அலறிக்கொண்டு ஓடினார். எங்கே? ஆஸ்பத்திரி தூரம், மில் பக்கம். இருமல் ஐயா கண்ணை மூடி யோசித்து, மாத்திரை குழந்தையைப் பிழிந்து எடுக்கிறது என்றார். அவ்வளவுதான். மாத்திரை அலமாரி மேலே போனது. வாயாடி சிறப்பு வரிசைக்குப் போனாள்.

எந்த மாட்டுப் பாலால் நோய் வந்ததோ அதே மாட்டுப் பால், அதே சூடு, அதே நுரை. கிண்ணம் மட்டும் வெள்ளிக் கிண்ணம்.

அண்ணன் முதல் தடவை கூடப் போனார். மேடையில் மாட்டைப் பார்த்தார். கறுப்பு மாடு, பட்டுத்துணி, வளையம், எல்லாம் புதுசு. கூட்டத்தில் நின்றவர் பழக்கதோஷத்தில் நாக்கால் ஒரு சொடக்குப் போட்டார். கொட்டகையில் தினமும் போடுகிற சொடக்கு. மேடை மேல் மாடு தலையைத் திருப்பி அவரைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. தன் திருடிதான் அது என்று அண்ணனுக்குத் தெரிந்துபோனது.

மறுநாளே தடவல் கொட்டகைக்கு வந்தான். ரொம்பத் தன்மையாகப் பேசினான். நீங்க மாடு செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, செத்த மாடு உயிரோட நிக்குதேன்னு யாராவது கேட்டா நீங்கதானே பதில் சொல்லணும் என்றானாம். நோய் மாட்டை விற்றவன் என்று தெரிந்தால் இந்தத் தெருவில் ஒரு வீடும் உங்களிடம் பால் வாங்காது என்றும் சொன்னானாம். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். இன்னொன்றும் செய்தார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருவேளை மாடு கை மாறியதும் அதற்குள் அருள் வந்திருக்குமோ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தான் விற்ற பொய்யைத் தானே திரும்ப வாங்கிக் குடித்த மனுஷன். என்ன சொல்ல.

பெண் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று அங்கிருந்து ஊசியம்மாவுக்குச் செய்தி போயிருக்கிறது. மாட்டு நோயும் மனுஷ நோயும் ஒரே வீட்டில் என்பதால் ரெண்டு பக்கத்து டாக்டர்களும் பேசிக்கொள்வார்களாம். ஊசியம்மா நேரே என் கடைக்கு வந்து, கொட்டகை தெரியும், வீடு எது என்று கேட்டார். நானும் கூடப் போனேன். வாசலில் அண்ணி வழி மறித்து நின்றார்.

“நீங்க குத்தின ஊசியில என் மாடு போச்சு. இப்ப பொண்ணுக்குக் குத்த வந்தீங்களா?”

“அந்த ஊசியில எந்த மாடும் சாகாதும்மா. மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க. நோய்க்கிருமிக்கு அந்த மருந்து பழகிடும். அப்புறம் அதே மாத்திரையைக் கொடுத்தாலும் கேக்காது.”

அண்ணி கதவைச் சாத்திவிட்டார். சாத்துவதற்கு முன் ஒரு கணம் உள்ளே பார்த்தேன். வாயாடி பாயில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து ஒரு பக்கம் வீங்கி, தலையைச் சாய்த்தபடி. என்னைப் பார்த்தும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அண்ணன் முற்றத்து மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு வாளி கழுவிக்கொண்டிருந்தார். கழுவின வாளியையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பியதும் ஊசியம்மா எதிரே இருந்த வரிசையைப் பார்த்தார். உள்ளே நடப்பதை எல்லாம் என்னிடம் விவரமாகக் கேட்டார். இருமுகிற மாடு என்றதுமே அவருக்குச் சந்தேகம். ஆனால் மேடைப் பக்கம் போனால் பக்தர்கள் பிய்த்து எடுத்துவிடுவார்கள். யோசித்துவிட்டு என்னிடம் கேட்டார், கம்பளிக்குள்ள யார் இருக்காங்கன்னு அந்த ஆளுக்குத் தெரியுமா? தெரியாது என்றேன். மாட்டுக்குத் தெரியுமா? தெரியாது. அப்படியானால் உள்ளே மனுஷன்தான் இருக்க வேண்டுமா என்றார்.

அடடா என்றிருந்தது எனக்கு. இத்தனை நாள் எதிரே உட்கார்ந்து கேலி பேசினேனே தவிர, இந்தக் கேள்வி என் மண்டையில் உதிக்கவில்லையே.

மறுநாள் காலை என் கடையில் இருந்த பெரிய அலுமினியப் பால் கேன் ஒன்றை மூட்டை தள்ளுகிற வண்டியில் நிறுத்திக் கம்பளியால் சுற்றினோம். மேலே ஒரு குல்லாய். என் மாமா, நடக்க முடியாது, பேச முடியாது, ரொம்ப மோசமான நிலைமை என்று சொல்லி வரிசையில் தள்ளிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றவர்கள் மனம் இளகி வழி விட்டார்கள். ஓர் அம்மாள் கேனின் தோளைத் தட்டி, தைரியமா இருங்க, எல்லாம் சரியாப் போயிடும் என்று ஆறுதல் சொன்னார். ஊசியம்மா முக்காடு போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார்.

கேனுக்கு முன்னால் அண்ணி, வாயாடியோடு நின்றிருந்தார். அண்ணனும் இருந்தார். என்ன நினைப்பில் அங்கே வந்தாரோ, அன்றைக்கு அவரால் வீட்டில் இருக்க முடியவில்லையாம். மோசமான நிலைமை என்றதால் என் மாமாவை முதலில் விட்டார்கள்.

கேனை மாட்டின் முன் நிறுத்தினேன். அவர்கள் கம்பளியையும் அதன் மேல் போர்த்தினார்கள். ஐயா கண்ணை மூடினார். தடவல் தடவினான். மாடு இருமியது. நன்றாக, நாலு தடவை.

“வாங்கிட்டா” என்றார் ஐயா. “நாப்பது வருஷத்துப் புகையிலை நெஞ்சு. மனசுல ஒரு கசப்பு இருக்கு. கட்டின மனைவியோட பேச்சுவார்த்தை இல்லை. இனிமே பேசுவாரு.”

நான் ரெண்டு கம்பளியையும் உருவினேன்.

கேன் பளபளவென்று நின்றது. கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள், சிரிப்பு பின்வரிசை வரை ஓடியது. முடிந்தது கதை என்று நினைத்தேன். பாருங்கள், நான்தான் எவ்வளவு அப்பாவி. ஐயா கண்ணைத் திறந்தார், கேனைப் பார்த்தார், துளி கூடக் கலங்கவில்லை. கருணையோடு சிரித்தார். “இந்த கேன்ல பால் வாங்கிக் குடிச்சவங்க எத்தனை பேரு? அத்தனை பேரு இருமலும் இதுக்குள்ளதான் தங்கியிருந்துச்சு. இப்ப ஊரே சுத்தமாச்சு” என்றார்.

கூட்டம் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிரித்தவனும் போட்டுக்கொண்டான். என்னைப் பார்த்து, பாவி, நீ கிண்டல் பண்ண வந்தே, அதையும் நல்லதா மாத்திட்டாரு பாரு என்றார் வங்கிக்காரர். ஊசியம்மா முக்காட்டை எடுத்துவிட்டு, அவன் மாட்டின் மூச்சுக்குழாயை விரலால் அமுக்குகிறான், அதனால் இருமுகிறது, நெஞ்சு கெட்ட மாடு, தொட்டாலே இருமும் என்று கத்திப் பார்த்தார். யார் காதில் விழுந்தது? ஊசிக்காரி, ஊசிக்காரி என்று தள்ளினார்கள்.

அடுத்து வாயாடி. முக்காலியில் உட்கார வைத்தார்கள். அதே கம்பளி. மாடு இருமியது. வெள்ளிக் கிண்ணத்தில் பால் வந்தது. பிள்ளை விழுங்க முடியாமல் முகத்தைச் சுளித்தாள். அண்ணி ஒரு கையால் அவள் தலையை நிமிர்த்தி மறுகையால் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனார்.

“குடிக்காதேம்மா” என்றார் அண்ணன்.

பெரிய குரல் இல்லை. அண்ணி திரும்பிப் பார்த்தார். அண்ணன் மேடைக்கு வந்து, மாட்டைப் பார்த்து, “ஏ திருடி” என்றார். கூட்டம் கொந்தளித்தது, சுமைதாங்கியைத் திருடி என்கிறானே என்று. மாடு மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டை இழுத்துக்கொண்டு வந்து அவர் சட்டைப் பையில் மூக்கை விட்டுத் தேடியது. கொட்டகையில் அந்தப் பையில்தான் அவர் அதற்குப் பிண்ணாக்கு வைத்திருப்பார்.

“இது நம்ம மாடு. சாகல. சாகப்போற மாட்டை இவன்கிட்ட வித்தேன். செத்துப்போச்சுன்னு அந்தம்மாகிட்டயும் பொய் சொன்னேன், உன்கிட்டயும் பொய் சொன்னேன். இது குடுத்த நோய்தான் பொண்ணுக்கு.” அழுதார்.

ஐயா அப்போதும் விடவில்லை, அந்த மனுஷனின் திறமையை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு கையையும் மேலே தூக்கினார். “கேட்டீங்களா? செத்துப்போன மாடு. அவர் வாயாலயே சொல்லிட்டாரு. எழுந்து வந்திருக்கு” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நாலைந்து பேர் மறுபடி கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அண்ணி எழுந்தார். கிண்ணத்துப் பாலை மாட்டின் விலாவில் ஊற்றினார். பெண் மேல் போர்த்தியிருந்த கம்பளியை இழுத்து, பாத்திரம் தேய்ப்பது போல அழுத்தித் தேய்த்தார். கம்பளி கறுத்தது. விலாவில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை தெரிந்தது. அந்த மில்லுக்குள் எப்போதும் ஒரு மணம் இருக்கும், பக்தர்கள் அதை அருள் மணம் என்று மூச்சை இழுத்து இழுத்து அனுபவிப்பார்கள். கம்பளியை முகர்ந்து பார்த்த ஒருவர், ஷூ பாலிஷ் என்றார். ஊசியம்மா மாட்டின் காது வளையத்தைக் கழற்றினார். அவர் போட்ட துளை அப்படியே இருந்தது. வளையம் மாட்ட வசதியாக அவர்கள் வேறு துளை கூடப் போடவில்லை. நோய் மாடு என்று போட்ட அடையாளத்திலேயே நகையை மாட்டி, அதைத் தொட்டுக் கும்பிட வைத்திருக்கிறார்கள்.

அண்ணி கீழே இருந்த செம்பிலிருந்து இன்னொரு கிண்ணம் பால் ஊற்றிக்கொண்டு வந்து ஐயாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“செத்து எழுந்து வந்த மாடு பாலிஷ் போட்டுக்கிட்டா வரும்? சரி, அது போகட்டும். இந்தாங்க. நீங்க குடிங்க.”

ஐயா ஓரடி பின்னால் போனார். எனக்குப் பால் ஒத்துக்காது, வயித்துக்கு ஆகாது என்றார்.

கேனுக்கு மசியாத கூட்டம், பாலிஷுக்கு மசியாத கூட்டம், இந்த ஒரு வார்த்தையில் அப்படியே உறைந்துபோனது. சிறப்பு வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வங்கிக்காரர் முகம் சுண்டிப்போய் வயிற்றைத் தடவிக்கொண்டார். கணக்கு அப்போதுதான் உதைத்தது போலிருக்கிறது. தடவல் மரக்கட்டை உருட்டுகிற சந்து வழியாக நழுவினான், வாசலில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஐயாவை அடிக்கப் பாய்ந்தவர்களை ஊசியம்மா தடுத்தார். அடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், பால் குடித்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார். ஐயோ, அங்கே வரிசையில் நிற்க வேண்டுமே என்று முனகினார் ஒருவர். மில் வாசலில் விடிந்ததிலிருந்து நின்றவர்தான் அவர்.

போலீஸ் வந்தது. ஐயாவும் தடவலும் போனார்கள். மாட்டையும் வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது அண்ணன் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தார், அதுவும் அவர் பையில் மூக்கை விட்டது. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதும் குறையவில்லை, ஆனால் அதைப் பார்க்கவும் முடியவில்லை. கொட்டகையில் மறுபடி ஊசி போட்டுப் பார்த்ததில் இன்னும் ரெண்டு மாடு போயின. இந்தத் தடவை வண்டி வரும்வரை காத்திருந்து அவரே கயிற்றைப் பிடித்துக் கொடுத்தார். அண்ணி அவரோடு பேசுவதற்கு ரொம்ப நாளாயிற்று. அவர்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை இப்போது என் கடை வரை வருகிறது.

பெண் மாத்திரையை மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். நல்லவேளை, மருந்து கேட்டது. மாதங்கள் போகப் போகக் கட்டி உடைந்து, வற்றி, ஆறியது. ஒரு நாள் என் கடைக்கு வந்து, மாமா, உன் மாமா கேனுக்கு மாமி யாரு என்று கேட்டாள். வாயாடி திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதி.

இதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? போன வாரம் அண்ணி பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், நிழலுக்காக என் கடையில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து இறங்கினார். படித்தவர், பேச்சிலேயே தெரிந்தது. தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். ஏதோ ஒரு பால் கேன் ஊர் இருமலை எல்லாம் உள்ளே வாங்கி வைத்திருந்ததாமே, அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்க முடியுமா, அம்மாவுக்கு ரொம்ப நாளாக இருமல் என்றார். அவருக்கு முன்னால் ரெண்டு பேர் அதே கேள்வியோடு வந்துபோயிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி எழுந்தார்.

மகளைப் பிடித்து அந்த மனிதர் முன்னால் நிறுத்தி, கழுத்தைச் சுற்றியிருந்த துணியை விலக்கினார். கட்டி உடைந்து ஆறின வடு, விரல் நீளத்துக்கு, தோல் சுருங்கிக் கறுத்துக் கிடந்தது.

“கேனைத் தொட வேணாம், இதைத் தொட்டுப் பாருங்க. இது வந்தது நான் ஊட்டின பால்ல. போனது நான் நிறுத்தி வெச்ச மாத்திரையில. யாரோ சொன்னாங்கன்னு கேட்டேன், ஏன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கல. எனக்குப் புத்தி வர்றதுக்கு என் பொண்ணு கழுத்து வேண்டியிருந்துச்சு. உங்களுக்கெல்லாம் இன்னும் எத்தனை கழுத்து வேணும்?”